இயல்பைவிட நாலரை டிகிரி

1

2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. அப்போது நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். வியாசர்பாடியில், குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில், ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர். தலைக்கு மேலே மொட்டை மாடி. பகலைப் பற்றி ஆயா குறை சொன்னதே கிடையாது. பகலில் அது கீழே வேப்ப மரத்தடியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும். ராத்திரிதான் அதற்குப் பிரச்சினை. சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "செவுரு மூச்சு உடுதுடா" என்று சொல்லும். அது உவமை இல்லை, பௌதிகம் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

அந்த வாரத்தில் ஒரு விடிகாலை ஆயா எழுந்திருக்கவில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, மாரடைத்துத்தான் போயிருக்கும். மறுநாள் பேப்பரில் நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு என்று போட்டிருந்தது. வியாசர்பாடியில் எவ்வளவு என்று போடவில்லை. போட வழியும் இல்லை. அங்கே வெப்பமானி வைத்தவர் யாரும் கிடையாது.

ஒரு நகரத்தின் வெப்பம் என்று சொல்லப்படும் அந்த ஒற்றை எண் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்று அதை எடுக்கிறார்கள், அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்று யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். தமிழ் படித்தவனுக்கு வெப்பமானியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு பாட்டை எடுத்தால் இது யார் கூற்று, யாரைப் பார்த்துச் சொல்வது, எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே கேள்விகளை இந்த எண்ணிடமும் கேட்கிறேன். அவ்வளவுதான்.

2

முதலில் பெட்டியைப் பார்த்துவிடலாம். வெள்ளை பூசிய மரப்பெட்டி. நான்கு பக்கமும் சாய்வான பலகைகள். காற்று உள்ளே போய்வரும், வெயில் நுழையாது. தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் கால்கள்மேல் நிற்கும். கீழே புல்தரை. பக்கத்தில் சுவரோ கட்டடமோ இருக்கக் கூடாது. இதற்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். 1860களில் இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். நாவலாசிரியர் ஆர். எல். ஸ்டீவன்சனின் தகப்பனார்.

இந்தப் பெட்டி இந்தியாவுக்கு உடனே வந்துவிடவில்லை. இங்கே வெகுகாலம் வெப்பமானியைப் பக்கம் திறந்த ஓலைக் கொட்டகைக்குள் தொங்கவிட்டார்கள். வெயில் படாமல், காற்றோட்டம் கெடாமல் ஒரு கருவியைக் காப்பாற்ற இந்த ஊருக்கு ஓலைதான் சரி என்று காலனிய வானிலைத் துறைக்குத் தெரிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகே பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. வெப்பமானிக்கு ஓலை வேய்ந்தவர்களின் வாரிசுகள் பிற்பாடு மனிதர்களை ஓலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாற்றினார்கள். குடிசையை நான் புகழவில்லை. கோடைக்குக் கோடை குடிசைகள் பற்றி எரிந்ததையும், மழையில் மூழ்கியதையும் பார்த்த குடும்பம் எங்களுடையது. கல்வீடு வேண்டும் என்று கேட்டவர்களில் ஆயாவும் ஒருத்தி. கேட்டது வீடு. கிடைத்தது ராத்திரியில் மூச்சு விடும் சுவர்.

பெட்டியின் விதிகளில் சூழ்ச்சி எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெயிலில் வைத்த வெப்பமானி காற்றின் சூட்டைக் காட்டாது, தன் கண்ணாடியின் சூட்டையே காட்டும். சென்னையையும் லண்டனையும், 1900ஐயும் 2000ஐயும் ஒப்பிட வேண்டுமானால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிழலும் ஒரே உயரமும் வேண்டும். ஒப்பீட்டுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். புல்தரை நடுவே, நாலு பக்கமும் காற்று வரும் நிழலில், சுவரே இல்லாத இடத்தில் இருக்கும் காற்றின் சூட்டைத்தான் நாம் 'நகரத்தின் வெப்பம்' என்கிறோம். நகரம் என்றால் என்னவோ அதையெல்லாம் விலக்கி வைத்துவிட்டு எடுத்த எண் அது. அந்த நிழலில் யாரும் குடியிருக்கவில்லை.

3

நகரம் தானே சூட்டை உண்டாக்குகிறது என்பதை முதலில் எண்களோடு எழுதியவர் லூக் ஹோவார்ட். லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். மேகங்களுக்கு நாம் இன்றும் சொல்லும் லத்தீன் பெயர்களை வைத்தவரும் இவரே. 'லண்டனின் தட்பவெப்பம்' என்ற அவருடைய நூல் 1818இலும் 1820இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. விரிவான பதிப்பு 1833இல். நகருக்கு வெளியே தான் எடுத்த அளவுகளை, நகருக்குள் ராயல் சொசைட்டி எடுத்த அளவுகளோடு அவர் ஒப்பிட்டார். ராத்திரியில் நகரம் சராசரியாக 3.7 ஃபாரன்ஹீட் டிகிரி கூடுதல் சூடு. பகலிலோ நகரம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு குளிர்ச்சி. காரணங்களையும் அவரே சொல்லிவிட்டார்: நெருக்கியடித்து நிற்கும் சுவர்கள் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கின்றன, காற்று தடுக்கப்படுகிறது, ஈரம் ஆவியாவதற்கு மண் இல்லை, போதாக்குறைக்கு ஆயிரக்கணக்கான அடுப்புகள். இருநூறு வருஷத்துக்குப் பிறகும் பாடப்புத்தகத்தில் இருப்பது ஏறத்தாழ இந்தப் பட்டியல்தான். ராத்திரிதான் பிரச்சினை என்று ஆயா சொன்னதும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது.

அதே காலத்தில் மெட்ராஸில் என்ன நடந்துகொண்டிருந்தது? இங்கேயும் வெப்பமானி இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வுக்கூடம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்துவிட்டது. வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தன் சொந்தச் செலவில் எழும்பூரில் வைத்திருந்த கருவிகளிலிருந்து வளர்ந்தது அது. கட்டியவர் மைக்கேல் டாப்பிங். தொலைநோக்கியைத் தாங்க நட்ட 10 டன் கருங்கல் தூண் இன்றும் காலேஜ் ரோட்டில் வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கிறது. ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களும் இந்த அறிவியலை ஆசியாவில் நட்டது ஆங்கிலேயரின் தாராளம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பொருளில், தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் பொறித்திருக்கிறார்கள். டாப்பிங்குக்கு அடுத்து வந்த ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் வானிலைக் குறிப்பேடு எழுதினார். கவர்னருக்கு விருந்து மண்டபம் (இன்றைய ராஜாஜி ஹால்) கட்டியவரும் இவரே.

ஆக, ஹோவார்ட் புத்தகம் போடுவதற்கு இருபது வருஷம் முன்பே மெட்ராஸில் தினசரி வெப்பம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஹோவார்ட் கேட்ட கேள்வியை இங்கே யாரும் கேட்கவில்லை. ஏன்?

ஒரு காரணம் இடம். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம். வெளியே கருப்பர் நகரம், இன்றைய ஜார்ஜ் டவுன். நெசவாளர், துபாஷி, வியாபாரி, கூலி என்று எல்லோரும் அங்கே ஒட்டிய சுவர்களுக்கு நடுவே இருந்தார்கள். பணம் சேர்ந்த வெள்ளையர்கள் கோட்டையை விட்டு மேற்கேயும் தெற்கேயும் நகர்ந்து, சவுல்ட்ரி சமவெளி என்று அவர்கள் அழைத்த பகுதியில், ஏக்கர் கணக்கான தோப்புகளுக்கு நடுவே தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். நுங்கம்பாக்கம் அந்தத் தோட்ட வீட்டுப் பகுதி. பக்கத்திலேயே பெரிய ஏரி. வெப்பமானியும் தோட்ட வீட்டுக்காரர்களில் ஒருவராகவே குடியேறியது. ஹோவார்டிடம் நகரத்துக்கு உள்ளே ஓர் அளவும் வெளியே ஓர் அளவும் இருந்தன. மெட்ராஸில் வெளியே எடுத்த அளவே நகரத்தின் அளவாகப் பதிவாயிற்று.

இன்னொரு காரணம் கருத்தியல் சார்ந்தது. லண்டனில் சூடு என்பது விளைவு, அதற்குக் காரணம் தேட வேண்டும். மெட்ராஸில் சூடு என்பது இயல்பு, அதைச் சகிக்க வேண்டும் அல்லது அதிலிருந்து தப்பிக்க வேண்டும். வெப்ப மண்டலம் ஐரோப்பிய உடலை என்ன செய்யும் என்று ஜேம்ஸ் ஜான்சன் 1813இல் எழுதிய நூல் போன்றவை அந்தக் காலத்தில் விரும்பிப் படிக்கப்பட்டன. சுதேசி உடல் அந்தச் சூட்டுக்கென்றே பிறந்தது என்பது அந்தச் சொல்லாடலின் மறுபாதி. எனவே சூடு பற்றிய காலனியத் தொழில்நுட்பமெல்லாம் தப்பித்தலின் தொழில்நுட்பம். பங்கா இழுக்க ஓர் ஆள். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ். கோடை வந்தால் கவர்னரும் பரிவாரமும் உதகைக்கு ஏறிவிடுவார்கள். 1899இல் வானாய்வும் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. வானிலைப் பதிவு மட்டும் நுங்கம்பாக்கத்தில் தங்கியது.

"மெட்ராஸ்ல மூணு சீசன்: சூடு, ரொம்பச் சூடு, தாங்க முடியாத சூடு" என்று நாம் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அந்தச் சிரிப்பில் பழைய துரைமாரின் குரல் இருக்கிறது. ஊரின் சுபாவம் என்று சொல்லிவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழாது.

4

பிறகு நகரம் வெப்பமானியைத் தேடி வந்தது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியை வடித்துத்தான் 1923 முதல் 1925க்குள் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. 'லேக் ஏரியா', 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர்கள் மட்டும் மிச்சம். வடக்கே புளியந்தோப்பு, கொண்டித்தோப்பு, ஏழுகிணறு என்று சொல்லிக்கொண்டே போகலாம். சென்னையின் தெருப் பெயர்களை வரிசையாக வாசித்தாலே காணாமல்போன நிழலுக்கும் தண்ணீருக்கும் ஒரு ஒப்பாரி கிடைத்துவிடும்.

இதனால் காற்றுக்கு என்ன ஆகிறது? ஏரியிலும் மரத்திலும் விழும் வெயிலின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும், காற்றைச் சுட வைக்க மிஞ்சுவது கொஞ்சம். தாரிலும் கான்கிரீட்டிலும் அந்தச் செலவு கிடையாது. பகல் முழுக்க வாங்கி உள்ளே அடக்கிக்கொண்டு, சூரியன் போன பிறகு மெல்ல வெளியே விடும். திறந்த வெளியானால் அந்தச் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள் நிற்கிற தெருவில், ஒரு சுவர் விட்டதை எதிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. கனடாவைச் சேர்ந்த டி. ஆர். ஓக் 1970களிலிருந்து செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறதோ, அந்த அளவுக்குத்தான் ராத்திரி குளிரும். இதோடு ஏசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அறையைக் குளிர்விப்பதென்றால் அந்த அறையின் சூட்டோடு எந்திரம் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுவது என்று பொருள். வாங்கியவன் உள்ளே இருக்கிறான். கொட்டியது வெளியே பிளாட்பாரத்தில் படுத்திருப்பவன்மேல்.

சென்னைக்கு ஒரு சலுகை உண்டு, கடற்காற்று. கோடையில் நண்பகலை ஒட்டி அது வந்துவிட்டால் வெயில் ஏறுவது நின்றுவிடும். தாமதமானால் போச்சு. கடலை ஒட்டிய மீனவக் குப்பங்களுக்கு அது முதலில் கிடைக்கும். உள்ளே போகப்போக அடுக்குமாடிகள் தின்றது போக மிச்சம்தான்.

இந்த நிகழ்வுக்கு 'நகர வெப்பத் தீவு' என்று பெயர். சுற்றிலும் குளிர்ந்த நாட்டுப்புறம், நடுவில் சூடான நகரம், வரைபடத்தில் பார்த்தால் கடலில் ஒரு தீவு போல. எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. தீவு என்றால் உள்ளே எல்லோருக்கும் ஒரே சூடு என்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் 1930களில் எந்தெந்தப் பேட்டைக்கு வீட்டுக்கடன் கொடுக்கலாம், எங்கே கூடாது என்று அரசு நிறுவனம் ஒன்று வரைபடம் போட்டது. கறுப்பர்கள் இருந்த பேட்டைகளுக்குச் சிவப்பு. 2020இல் வந்த ஓர் ஆய்வு 108 நகரங்களின் பழைய வரைபடங்களை இன்றைய நிலப்பரப்பு வெப்பத்தோடு பொருத்திப் பார்த்தது. 94 சதவீத இடங்களில் சிவப்பு போட்ட பேட்டைகளே கூடுதல் சூடு. சராசரி வித்தியாசம் 2.6 டிகிரி. வரைபடம் போட்டவர்கள் வெப்பத்தை நினைத்துப் போடவில்லை. கடன் மறுக்கப்பட்ட இடத்தில் மரம் வளர்க்கவில்லை, பூங்கா வரவில்லை, நெடுஞ்சாலையும் கிடங்கும் வந்தன. ஒதுக்கி வைத்தது தொண்ணூறு வருஷம் கழித்து வெப்பமாகத் தெரிகிறது. நம்மூரில் இப்படி வண்ணம் பூசிய வரைபடம் யாரும் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஊர் எது, சேரி எது என்று எல்லோருக்கும் தெரியும்.

5

இந்த இடத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டும் நம் பத்திரிகைகளைப் படிக்கிறவர்கள் விழக்கூடியவை.

ஒன்று: "பார்த்தீர்களா, வெப்பமானிகளெல்லாம் நகரத்துக்குள் மாட்டிக்கொண்டன, அதனால்தான் எண் ஏறுகிறது, பூமி சூடாவது என்பதே புருடா." எண்ணெய் வியாபாரத்துக்கு இதமான இந்த வாதம் வெகுநாளாக உலவுகிறது. பதில் சொல்லப்பட்டுவிட்டது. கட்டடமே இல்லாத கடலும் சூடாகியிருக்கிறது. நாட்டுப்புற நிலையங்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டாலும் ஏற்றம் அப்படியே இருக்கிறது. வெப்பத் தீவு காற்றில்லாத ராத்திரியில்தான் வலுக்கும், காற்றடித்தால் கலைந்துவிடும். எனவே ஏற்றம் நகரத்தின் வேலையானால் காற்றில்லாத ராத்திரிகளில்தான் அதிகம் தெரிய வேண்டும். 2004இல் டேவிட் பார்க்கர் இரண்டு வகை ராத்திரிகளையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஏற்றம் ஒன்றே. நிலப்பரப்பின் நூற்றாண்டு வெப்ப ஏற்றத்தில் நகரமயத்தின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்ட வாய்ப்பில்லை என்று ஐபிசிசியின் 2013 அறிக்கை சொல்லிற்று. பூமி சூடாவது நிஜம். அதன்மேல் நகரம் தன் சூட்டையும் ஏற்றுகிறது என்பதும் நிஜம். வியாசர்பாடியில் இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

இன்னொரு பள்ளம் நம்முடையது. ஃபூக்கோவைப் படித்த கையோடு எந்த எண்ணைப் பார்த்தாலும் 'இது அதிகாரத்தின் கட்டமைப்பு' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது. நானும் சொல்லித் திரிந்தவன்தான். தோட்ட வீட்டு வெப்பமானி என்று மேலே எழுதும்போதே எனக்கு அந்தப் பழைய ருசி நாக்கில் வந்தது. அறிவியல் உண்மை என்பது உற்பத்தி செய்யப்படுவது என்று காலமெல்லாம் எழுதிய புரூனோ லத்தூரே 2004இல், எங்கள் ஆயுதங்களைப் பருவநிலையை மறுப்பவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்று வருந்தி ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. எண் பொய் என்று சொன்னால் வியாசர்பாடிக்கு ஒன்றும் கிடைக்காது. ஏற்கெனவே அங்கே எண் இல்லை. இல்லாததைக் கட்டுடைத்து என்ன செய்ய? நம் கோரிக்கை எண் வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. எங்கள் அறைக்குள்ளேயும் ஒரு வெப்பமானி வை, ராத்திரி இரண்டு மணிக்கும் அதைப் பார், அதை எழுது என்பதாகத்தான் இருக்க முடியும்.

6

எழுதினால் என்ன ஆகும்? செத்தவர்களை எண்ணிய இரண்டு நகரங்களைச் சொல்கிறேன்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு வெப்ப அலை. பிரேதப் பரிசோதனை அதிகாரி தினமும் வெப்ப மரணங்களின் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல, மேயர் அந்த எண்ணை நம்ப மறுத்தார். கோடையில் இயற்கையாகச் சாகிறவர்களையெல்லாம் வெப்பத்தில் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். பிற்பாடு வழக்கமான சாவுகளைக் கழித்துக் கணக்குப் பார்த்ததில் ஒரு வாரத்தில் கூடுதலாகச் செத்தவர்கள் 739 பேர். அதிகாரி சொன்னதைவிட அதிகம். எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் 2002இல் இதைப் பற்றி எழுதிய நூலில் அடுத்தடுத்த இரண்டு பேட்டைகளை எடுத்துக்கொண்டார். இரண்டுமே ஏழைப் பேட்டைகள், இரண்டுக்கும் ஒரே வானம். ஆனால் கடைகளும் ஜனங்களும் விட்டுப்போன வடக்கு லாண்டேலில் சாவு விகிதம், சந்தடியுள்ள தெற்கு லாண்டேலைப் போல் பத்து மடங்கு. தெருவில் இறங்கி நடக்க, கடை நிழலில் உட்கார முடிந்த ஊரில் கிழவிகள் பிழைத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்த ஊரில் செத்தார்கள்.

அகமதாபாத்தில் 2010 மே மாதம் 46.8 டிகிரி வரை போனது. வெப்பத்தால் செத்ததாகச் சான்றிதழ் பெற்றவர்கள் சொற்பம். எல்லா மரணங்களையும் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டபோது அந்த ஒரு மாதத்தில் 1,344 பேர் கூடுதலாகச் செத்திருந்தது தெரிந்தது. அந்த எண் கையில் கிடைத்த பிறகே 2013இல் அந்த நகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எண்ணிய பிறகுதான் அரசு அசைந்தது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் செத்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய அறிவிப்பு, சந்தேகமில்லை. ஆனால் வெப்ப அலை என்றால் என்ன? அதைச் சொல்வது இந்திய வானிலைத் துறை. கடலோர நிலையமானால் உச்ச வெப்பம் 37 டிகிரியைத் தொட வேண்டும், அத்தோடு இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சென்னையில் மே மாத இயல்பே 37ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியானால் பெட்டிக்குள் ஏறக்குறைய 41.5 வந்தால்தான் அலை. வெப்பமான இரவு என்று ஒரு தனி வகையும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பகல் 40ஐத் தொட்டால்தான் இரவு கணக்கில் வரும். பகலில் 38, ராத்திரியெல்லாம் புழுக்கம், சுவர் மூச்சு விடுகிறது என்ற நிலைமைக்கு அந்த அகராதியில் பெயர் கிடையாது.

'இயல்பு' என்ற சொல்லையும் பிரித்துப் பாருங்கள். முப்பது வருஷச் சராசரிக்குத்தான் அந்தப் பெயர். பத்து வருஷத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கிறார்கள். வானிலைக் கணக்குக்கு அது தேவைதான். ஆனால் ஏரியை மூடியதும், தோப்பை வெட்டியதும், பூமி சூடானதும் முப்பது வருஷம் கழிந்தால் இயல்புக்குள் போய்விடும். இயல்பு ஏற ஏற, அதைவிட நாலரை டிகிரி கூடுவது கடினமாகிவிடும். நேற்றைய அநியாயம் இன்றைய சராசரி. காலனிய அதிகாரி 'இது இந்த ஊரின் சுபாவம்' என்று சொன்னதை இப்போது கணக்கு சொல்கிறது.

7

தமிழ் மரபில் ஒரே ஒரு நிலம் தனக்கென்று சொந்த மண் இல்லாதது. அது பாலை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு கெட்டு வறண்டு போகும்போது அதற்குப் பாலை என்று பெயர் என்று சிலப்பதிகாரம் சொல்லும். வகுப்பில் இதைப் படித்தபோது ஓர் இலக்கண விளக்கமாகத்தான் மனப்பாடம் செய்தேன். இப்போது எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. வெப்பம் ஒரு நிலத்தின் பிறவிக்குணம் அல்ல, அந்த நிலத்துக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அந்த வரையறை சொல்கிறது. மெட்ராஸ் நெய்தல் நிலம். அதன் உள்பக்கம் ஏரியும் வயலும் உள்ள மருதம். இரண்டையும் திரித்துப் பாலையாக்கியது சூரியன் மட்டுமல்ல. இந்தத் திரிபு இன்னும் நிற்கவில்லை. கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் அடுக்கினார்கள். அந்தச் சதுப்பில் மிஞ்சியதற்கு 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. நல்லது. அதன் கரையில் எட்டு மாடிக்கு மேலே படுத்திருப்பவர்களின் ராத்திரிக்கு இன்னும் எந்தத் தகுதியும் கிடைக்கவில்லை.

எழுத்தாளர்களும் களத்தில் வேலை செய்கிற தோழர்களும் படிக்கிற பத்திரிகை இது. அதனால் கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், சின்ன வேலைதான். கத்திரி வெயில் நாட்களில் ஒரு பேட்டையில் பத்து வீடுகளில் சுவர் வெப்பமானி மாட்டுங்கள். விலை அதிகமில்லை. மேல்தளத்தில் சில, கீழ்த்தளத்தில் சில, ஓடு ஒன்று, ஆஸ்பெஸ்டாஸ் ஒன்று. மாலை ஆறு, ராத்திரி பத்து, இரண்டு மணி என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவார்கள். கோல்டிங்ஹாமின் குறிப்பேடும் ஒரு மனிதர் தினமும் உட்கார்ந்து எழுதியதுதான். அந்த நோட்டு விஞ்ஞானிகள் கேட்கும் தரத்தில் இருக்காது, இருக்கவும் வேண்டாம். நுங்கம்பாக்கத்துக்கும் நம் அறைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று ஒருவர் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும் இல்லையா?

ஆயாவின் சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது. மாரடைப்பு என்ற சொல்லை நான் அடிக்க மாட்டேன். அதற்குப் பக்கத்தில் அந்த ராத்திரி எங்கள் அறையில் எத்தனை டிகிரி என்று எழுத ஆசை. என்னிடம் எண் இல்லை. ஆயா சுவரில் கை வைத்துப் பார்த்ததுதான் இருக்கிறது.